பொதுச்சட்டமும் மனித உரிமையும் கற்பிக்க வருபவர்களுக்கு: பட்டம் முதல் பணியாணை வரை செய்ய வேண்டியவை

சட்ட முதுநிலைப் பட்டமான எல்.எல்.எம். முடித்த நாளிலிருந்து நிரந்தர உதவிப் பேராசிரியர் பணியாணை என் கைக்கு வரும் வரை ஒன்பது ஆண்டுகள் ஆயின. படிப்புக்கும் ஆய்வுக்கும் உண்மையில் தேவைப்பட்டவை அவற்றில் ஐந்தோ ஆறோ ஆண்டுகள்தாம். பொருந்தாத சாதிச் சான்றிதழ், மாற்றி எழுதிய பாடக் குறியீடு, ஓய்வுபெறும் வயதில் இருந்த ஆய்வு நெறியாளர் என்று மீதிக் காலம் கரைந்தது. பொதுச்சட்டம் எனப்படும் அரசமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம் ஆகியவற்றிலும் மனித உரிமைச் சட்டத்திலும் ஆர்வம் உள்ள மாணவர்களுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும் என்று சொல்பவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சட்டம் படித்து, இந்தியப் பல்கலைக்கழகங்களிலோ சட்டக் கல்லூரிகளிலோ பணிக்கு வர நினைப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. எந்த முதுநிலைப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

மனித உரிமையில் எம்.ஏ. பட்டமும் உண்டு, எல்.எல்.எம். பட்டமும் உண்டு. சட்டக் கல்லூரியில் சட்டப் பாடம் நடத்த எல்.எல்.எம். வேண்டும். இளநிலைச் சட்டப் பட்டம் இல்லாமல் மனித உரிமையில் எம்.ஏ. மட்டும் படித்தவர் ஆய்வு மையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் நல்ல வேலை பார்க்கலாம். ஆனால் சட்டத் துறை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் இரண்டு ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசமைப்புச் சட்டம் ஒரு பிரிவாகவும், மனித உரிமைகளும் கடமைகளும் பற்றிய கல்வி தனிப் பிரிவாகவும் உள்ளன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2013 வழிகாட்டுதலின்படி ஓராண்டு எல்.எல்.எம். நடத்துகின்றன. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்படப் பெரும்பாலானவற்றுக்குக் கிளாட் எனும் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாள்தான் வாசல். தில்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்ற தனித் தேர்வை நடத்துகிறது. கிளாட் வழக்கமாக டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கும்; அதற்கான விண்ணப்பம் ஆண்டின் நடுவிலேயே திறந்துவிடும். கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500 ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது. 120 கேள்விகளுக்கு 120 நிமிடங்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும்.

தேர்வுக் கட்டணத்தோடு செலவு முடிந்துவிடுவதில்லை. கலந்தாய்வில் சேரவே பல்லாயிரம் ரூபாயை ஓரிரு நாளுக்குள் கட்டச் சொல்வார்கள். பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுச் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். கல்விக் கடன் தேவை என்றால் முடிவு வரும் வரை காத்திராமல் வங்கியில் முன்பே பேசி வையுங்கள். அரசுக் கல்லூரியின் இரண்டு ஆண்டுப் படிப்பு இதில் ஒரு சிறு பங்குச் செலவில் முடிந்துவிடும். ஆசிரியப் பணிக்குத் தகுதி என்ற அளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பதால், வீட்டுப் பொருளாதாரத்தை விட்டுக்கொடுத்துப் பெயர் தேட வேண்டாம் என்பது என் கருத்து.

எதைப் படித்தாலும் முதுநிலையில் 55 விழுக்காடு கட்டாயம். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50 விழுக்காடு போதும். 54.8 எடுத்தவரை 55 என்று யாரும் முழுமையாக்கித் தரமாட்டார்கள்.

2. பெயரையும் சாதிச் சான்றிதழையும் சரிசெய்யுங்கள்

இதை எல்.எல்.எம். முதலாண்டிலேயே செய்துவிடுங்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துப் போடுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் தந்தை பெயர் பின்னால் விரிந்திருக்கும், பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்துப் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். உள்ளூரில் இது யார் கண்ணுக்கும் படாது. மத்திய அளவிலான தேர்வு, உதவித்தொகை, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் இணைய வேண்டிய இடத்தில்தான் சிக்கல் வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாகக் கொண்டு ஆதார், வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண் அட்டை ஆகிய மூன்றையும் அதே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். அடிப்படைச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டிவரும். அதற்குச் சில வாரங்களாவது ஒதுக்குங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று கையில் இருக்கும் நிரந்தரச் சாதி அட்டை மத்தியத் தேர்வுகளுக்கும் மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் செல்லாது. அவற்றுக்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க அறுபது ரூபாய் அளவில்தான் செலவாகும். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைக் கடந்து வர நாளாகும். ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நான் மாநில அட்டையோடு போனேன். ஏழு நாள் அவகாசம் தந்தார்கள். சான்றிதழ் பன்னிரண்டாம் நாள் வந்தது. இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் என் மாணவர்களை ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு பொறியும் உண்டு. மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டவராக இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. உங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே விண்ணப்பத்தில் குறியுங்கள்.

3. நெட் தேர்வில் பாடக் குறியீட்டைக் கவனியுங்கள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் சட்டம் என்ற பாடத்தின் குறியீடு 58. மனித உரிமைகளும் கடமைகளும் என்ற பாடத்தின் குறியீடு 92. என் எல்.எல்.எம். பிரிவு மனித உரிமை என்பதால் 92 தான் எனக்குரியது என்று நினைத்து எழுதித் தேறினேன். பிறகு ஒரு சட்டக் கல்லூரி நேர்முகத்தில் என் கோப்பைப் புரட்டிய அலுவலர், சட்டத்தில் தேறிய சான்று எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் அன்றைய நேர்முகம் அங்கேயே முடிந்தது. மீண்டும் 58 எழுதித் தேற இரண்டு பருவங்கள் பிடித்தன. சட்டத் துறையில் கற்பிக்கப் போகிறவர் 58 எழுத வேண்டும். 92 அதற்கு மேல் விருப்பம்.

பொதுச்சட்டம் படித்தவருக்கு 58 அந்நியமாகவும் இராது. அதன் பத்து அலகுகளில் அரசமைப்பு மற்றும் நிர்வாகச் சட்டம், பன்னாட்டுச் சட்டமும் மனிதாபிமானச் சட்டமும், சுற்றுச்சூழல் மற்றும் மனித உரிமைச் சட்டம், ஒப்பீட்டுப் பொதுச்சட்டமும் ஆளுகை முறைகளும் என்ற நான்கு நேரடியாக நம் துறை. பலரையும் கவிழ்ப்பவை வணிகச் சட்டமும் அறிவுசார் சொத்துரிமையும்தான். பிடித்த பாடத்தை மூன்றாம் முறை படிப்பதைவிடப் பிடிக்காத பாடத்தை முதல் முறை படிப்பது அதிக மதிப்பெண் தரும்.

ஆண்டுக்கு இருமுறை, ஜூன் பருவம், டிசம்பர் பருவம் என நடக்கும். டிசம்பர் பருவத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போவது உண்டு. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், மொத்தம் மூன்று மணி நேரம். தவறுக்குக் கழிவு இல்லை என்பதால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். அண்மைய தேர்வுகளில் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 1,150 ரூபாய், இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் 600, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 325. நாற்பது விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி என்று நினைத்து ஏமாறாதீர்கள். அது தரவரிசைக்குள் நுழைவதற்கான குறைந்தபட்ச அளவு மட்டுமே. இரண்டு தாள்களையும் எழுதியவர்களில் ஆறு விழுக்காட்டினர்தாம் தகுதி பெறுகிறார்கள்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை, அந்தச் சான்றிதழும் காலாவதியாவதில்லை. ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.க்கு 30 வயது வரம்பு உண்டு. எல்.எல்.எம். பட்டதாரிகளுக்கு மூன்று ஆண்டுத் தளர்வு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கும் ஐந்து ஆண்டு. இரண்டையும் கூட்டி எட்டாக்க முடியாது, மொத்தத் தளர்வு ஐந்தைத் தாண்டாது. உதவித்தொகை 2023 ஜனவரி முதல் முதலிரு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. உதவித்தொகைக் கடிதத்துக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. அதற்குள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யாவிட்டால் வீணாகிவிடும்.

இறுதியாண்டு படிக்கும்போதே நெட் எழுதலாம். ஆனால் முடிவு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முதுநிலையைத் தேவையான விழுக்காட்டோடு முடித்தாக வேண்டும். மாநிலத் தகுதித் தேர்வான செட் தேறியவர்கள் அந்த மாநிலத்துக்குள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. முனைவர் பட்டத்துக்கு நெறியாளரையும் தலைப்பையும் தேடுங்கள்

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. நெட், செட் போன்றவையே குறைந்தபட்சத் தகுதி. ஆனாலும் பட்டம் இல்லாமல் நேர்முகப் பட்டியலில் இடம்பிடிப்பது கடினம். காரணத்தை ஏழாம் படியில் சொல்கிறேன். 2024 முதல் நெட் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். உதவித்தொகை கிடைக்காமல் அடுத்த இரண்டு பிரிவுகளில் (உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் பட்டச் சேர்க்கை, முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும்) தேறியவர்களுக்கு 70 விழுக்காடு தேர்வு மதிப்பெண்ணுக்கும் 30 விழுக்காடு நேர்முகத்துக்கும் போகும். அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டும் செல்லும்.

நெறியாளரின் புகழைப் பார்ப்பதற்கு முன் அவரது பிறந்த ஆண்டைப் பாருங்கள். என் முதல் நெறியாளர் நான் பதிவு செய்த இரண்டாம் ஆண்டில் ஓய்வுபெற்றார். மாற்று நெறியாளர் கிடைத்துப் பல்கலைக்கழகம் ஆணையிட ஏழு மாதங்கள் ஓடின. 2022 நவம்பரில் வந்த மானியக் குழு விதிமுறைகளின்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்க முடியாது. பேராசிரியர் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். ஆகவே நெறியாளரிடம் நேரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இடம் காலியாக இருக்கிறதா என்பதுதான்.

காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் இன்னும் இரண்டு கிடைக்கலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டு உண்டு. பெண்கள் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். பாடநெறித் தேர்வில் 55 விழுக்காடு வேண்டும். பணியில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் சேர நிறுவனத்தின் தடையின்மைச் சான்றிதழ் தேவை. சேர்க்கை அறிவிப்பு வந்தபின் கேட்டால் கையெழுத்துக்கே கெடு முடிந்துவிடும். தொலைதூரக் கல்வி வழியாகவோ இணையவழியாகவோ தரப்படும் முனைவர் பட்டம் செல்லாது. விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இனித் தலைப்பு. மனித உரிமை என்று சொன்னதும் உலகத்தையே அள்ளிக்கொண்டு வருகிறோம். ‘இந்தியாவில் மனித உரிமைப் பாதுகாப்பு: ஓர் ஆய்வு’ என்ற வகைத் தலைப்புகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்கெனவே நிறையக் கிடக்கின்றன. அங்கே தேடாமல் ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பித்தால் ஆலோசனைக் குழு திருப்பி அனுப்பும், ஆறு மாதம் போகும். ஒரு சட்டப் பிரிவையும் ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் சேர்த்துக் கட்டிய தலைப்பே முடிக்கக்கூடிய தலைப்பு. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன்பின் பரிந்துரைகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்று குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குப் பார்ப்பது ஓர் ஆய்வு. மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993, பிரிவு 30 சொல்லும் மனித உரிமை நீதிமன்றங்கள் இரண்டு மூன்று மாவட்டங்களில் உண்மையில் எத்தனை வழக்குகளை விசாரித்தன என்பது இன்னொன்று. நிகழ்ந்து ஓராண்டு கடந்த சம்பவத்தை ஆணையம் விசாரிக்க முடியாது என்ற பிரிவு 36 எத்தனை மனுக்களை வாசலிலேயே நிறுத்துகிறது என்பதும் யாராவது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

இத்தகைய தலைப்புக்குத் தரவு வேண்டும். தரவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே மலிவான வழி. விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள்; வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. ‘ஏன் நிறைவேற்றவில்லை’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று பதில் வரும். ‘இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை வந்த பரிந்துரைகளின் பதிவேட்டு நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நீதிமன்றங்களுக்கு உயர் நீதிமன்றம் வகுத்த தனி விதிகள் உண்டு என்பதால் அவற்றின் படிவத்தையும் கட்டணத்தையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு உறுதியான வாரத்திலேயே முதல் விண்ணப்பத்தை அனுப்புங்கள். நான் மூன்றாம் ஆண்டில்தான் அனுப்பினேன், இரண்டாம் மேல்முறையீடு முடியுமுன் என் ஆய்வேடே தயாராகிவிட்டது. சிறைவாசிகளையோ காவல் வன்முறைக்கு ஆளானவர்களையோ நேர்காணப் போகிறீர்கள் என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் துறை அனுமதியும் தனித்தனியே வேண்டும். சிறைத்துறை அனுமதிக்குப் பல மாதம் காத்திருந்தேன்.

ஆய்வேட்டில் பிற நூல்களோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் திருத்தித் தரச் சொல்வார்கள், 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். தீர்ப்புகளை நீளமாக மேற்கோள் காட்டும் பழக்கத்தால் சட்ட ஆய்வாளர்களுக்கு இந்த எண் எளிதில் ஏறும். சமர்ப்பித்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாய்மொழித் தேர்வு வரை முடிய வேண்டும் என்பது விதி. எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. பட்டத்தோடு, அது மானியக் குழு விதிமுறைகளின்படி வழங்கப்பட்டது என்று பதிவாளர் தரும் சான்றிதழையும் கையோடு வாங்குங்கள்.

5. கட்டுரைகளை நல்ல இதழில் வெளியிடுங்கள்

‘மூவாயிரம் ரூபாய், மூன்று நாளில் வெளியீடு’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை ஒதுக்குங்கள். இதழ்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். பதிவு எண் இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது. ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன மானியக் குழுவின் கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், ஓர் இதழை மதிப்பிடும் பொறுப்பு இப்போது உங்களுடையது. நல்ல சட்ட இதழில் மதிப்பாய்வுக்கே ஆறு மாதம் ஆகலாம் என்பதால் முதல் கட்டுரையை எல்.எல்.எம். ஆய்வேட்டிலிருந்தே எடுத்து அனுப்பிவிடுங்கள்.

6. நிரந்தரப் பணி வரும் வரை

கௌரவ விரிவுரையாளராகப் பெரும்பாலோர் சில ஆண்டுகள் இருக்க வேண்டிவரும். மானியக் குழு 2019இல் வகுத்த அளவு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. நடைமுறையில் பல இடங்களில் இதைவிடக் குறைவாகவே தருகிறார்கள். நேரடி நியமனத்தில் பழைய பணிக்காலத்தைக் கணக்கில் கொள்ள, நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஐந்தாண்டு உழைத்தும் அனுபவ மதிப்பெண் பூஜ்யமாவது இதனால்தான். நியமன ஆணை, சம்பளம் வங்கியில் ஏறிய பதிவு, நாள்களும் பாடமும் குறித்த அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றை ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் வாங்குங்கள். முதல்வர் மாறிய பிறகு பழைய ஆண்டுக்குக் கையெழுத்திட யாரும் முன்வருவதில்லை.

வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே கற்பிக்க வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த 1979 விதிகள் அனுமதிக்கின்றன. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஜே.ஆர்.எஃப். வாங்குபவர் வேறு ஊதியம் பெற முடியாது என்பதால் இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

7. விண்ணப்பமும் நேர்முகமும்

மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி பல்கலைக்கழகப் பணிக்கான முதற்கட்டப் பட்டியலில் முனைவர் பட்டத்துக்கு 30 மதிப்பெண், ஜே.ஆர்.எஃப்.க்கு 7, நெட்டுக்கு 5, கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. பட்டம் இல்லாதவர் ஏன் பின்தங்குகிறார் என்பதை இந்தக் கணக்கே சொல்லும். இந்த மதிப்பெண் நேர்முகத்துக்கு அழைப்பதற்கு மட்டுமே. அதன்பின் நேர்முகத்தை வைத்தே தேர்வு. புதிய விதிமுறைகளுக்கான வரைவு 2025 ஜனவரியில் வெளியானது என்பதால், விளம்பரம் எந்த விதியைச் சொல்கிறது என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள். தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனித் தேர்வு நடத்துகிறது; அந்த அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை, ஆகவே அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

விண்ணப்பத்தோடு தரமதிப்பெண்ணை விழுக்காடாக மாற்றிய சான்றிதழைக் கேட்பார்கள். அதைப் பல்கலைக்கழகம் தர இரண்டு வாரமாவது ஆகும். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்ற கோட்பாட்டின் முழு வரலாற்றையும் பத்து நிமிடத்தில் அடைக்க முயலாதீர்கள். 1978 மேனகா காந்தி வழக்கில் கடவுச்சீட்டைப் பறித்த ஆணைக்குக் காரணம் சொல்ல அரசு மறுத்த அந்த ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு எப்படி விரிந்தது என்று காட்டினாலே குழு நிமிர்ந்து உட்காரும்.

8. பணியாணை வந்த பிறகு

அரசு நிலை உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். பல தனியார் கல்லூரிகளில் அதில் பாதியை எதிர்பார்ப்பதே கடினம்; கையெழுத்திடும் முன் எழுத்தில் கேளுங்கள். முழுநேரப் பணியில் சேர்ந்ததும் மாநில வழக்கறிஞர் மன்றத்துக்கு எழுதித் தொழில் நிறுத்தத்தைப் பதிவு செய்து, ஒப்புகைக் கடிதத்தைப் பணிப்பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் பதவி உயர்வுக்கு முனைவர் பட்டம் பெற்றவருக்கு நான்கு ஆண்டு, எல்.எல்.எம். மட்டும் உள்ளவருக்கு ஐந்து ஆண்டு. எந்தத் தேதியிலிருந்து அதை எண்ணுகிறார்கள் என்பதைச் சேரும் நாளன்றே அலுவலகத்தில் கேட்டு, கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள்.